பதினொரு ஆசனம் ஆறானது எப்படி? யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் கணக்கு

2024 நவம்பர் 14 அன்று நடந்த பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகள் எடுத்தது, 3 ஆசனம். இலங்கைத் தமிழரசுக் கட்சி 63,327 வாக்குகள், 1 ஆசனம். வாக்கில் வித்தியாசம் 17,503. ஆசனத்திலோ மூன்றுக்கு ஒன்று. அடுத்து நின்ற அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசுக்கு 27,986, சுயேச்சைக் குழு 17 க்கு 27,855. இவர்களுக்கும் ஆளுக்கொரு ஆசனம். தமிழரசுக் கட்சியின் பாதி வாக்கைக்கூட எட்டாதவர்களுக்கும் அதே ஒன்றுதான்.

தெற்கை அடித்தளமாகக் கொண்ட ஒரு கட்சி யாழ்ப்பாண மாவட்டத்தை முதலிடத்தில் நின்று வென்றது அதுவே முதல் தடவை. அதே ஆண்டு செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் இங்கே 27,086 வாக்குகள் மட்டுமே பெற்ற அணி, எட்டு வாரத்துக்குள் மும்மடங்காக ஏறியது. அந்த மாற்றம் உண்மையானது. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் "யாழ்ப்பாணம் மாறிவிட்டது" என்று ஒரு வரியில் முடித்தால், வாக்கு எங்கே போனது, ஆசனம் எப்படி வந்தது என்ற இரண்டும் மறைந்துபோகும். யாழ்ப்பாணத்தின் தேர்தல் வரலாற்றை வென்றவர் பெயரை வைத்து மட்டும் படிக்க முடியாது. வாக்காளர் இடாப்பில் (பதிவேட்டில்) எத்தனை பேர், வந்து வாக்களித்தவர் எத்தனை பேர், எண்ணிக்கையில் நின்ற வாக்கு எத்தனை என்ற மூன்றையும் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

2024 கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். இடாப்பில் 593,187 பேர். வாக்களித்தவர் 358,079. நிராகரிக்கப்பட்டவை 32,767. செல்லுபடியான வாக்கு 325,312. இதில் 5 சதவீதம் என்பது 16,266. அதற்குக் கீழே நின்ற கட்சி, சுயேச்சைக் குழுப் பட்டியல்கள் எல்லாம் முதல் வெட்டிலேயே போய்விடும். ஐக்கிய மக்கள் சக்தி 15,276 உடன் போனது. தமிழ் மக்கள் கூட்டணி 13,295 உடன் போனது. அந்தத் தேர்தலில் யாழில் ஆறு ஆசனத்துக்கு 44 பட்டியல்கள் போட்டியிட்டன. ஒரு பட்டியலில் ஆசன எண்ணிக்கையோடு மூன்று கூட்டி 9 பெயர். ஆக 396 வேட்பாளர்கள். இப்படிச் சிதறியதால் வெட்டுப்புள்ளிக்குக் கீழே விழுந்த வாக்குகளைக் கூட்டினால் 85,071 வருகிறது. முதலிடம் வந்த கட்சியின் வாக்கைவிட இது கூட.

மிச்சமிருந்தவை ஆறு பட்டியல்கள்: மேலே சொன்ன நான்கும், 22,513 பெற்ற ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியும், 17,730 பெற்ற ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியும். இவற்றின் கூட்டுத்தொகை 240,241. மாவட்டத்தில் அதிக வாக்கு எடுத்த பட்டியலுக்கு ஒரு ஆசனம் முதலிலேயே கொடுக்கப்படும். இதைத்தான் போனஸ் ஆசனம் என்கிறோம். எனவே மிச்ச 5 ஆசனத்துக்காக 240,241 ஐ 5 ஆல் பிரிக்க வேண்டும். 48,048.2 வரும், பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்துவது விதி. ஆகவே ஒரு ஆசனத்தின் விலை 48,049 வாக்கு.

அந்த விலையைக் கொடுக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். தேசிய மக்கள் சக்தி ஒரு தடவை கொடுத்து 32,781 மிச்சம் வைத்தது. தமிழரசுக் கட்சி ஒரு தடவை கொடுத்து 15,278 மிச்சம் வைத்தது. மிகுதி மூன்று ஆசனமும் மிச்ச வாக்கின் வரிசைப்படி போகும்: 32,781, 27,986, 27,855. அதற்கு அடுத்ததாக 22,513 நிற்கிறது; வாசலில் நின்றதோடு சரி. தமிழரசுக் கட்சியின் 15,278 அதற்கும் கீழே. இப்படித்தான் 80,830 மூன்றானது, 63,327 ஒன்றானது. ஆசனம் பெற்ற நான்கு பட்டியல்களுக்கும் விழுந்த வாக்கு மொத்தம் 199,998. வாக்குச்சாவடிக்கு வந்தவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல், தங்கள் வாக்கால் யாரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பவில்லை.

இதோடு இன்னொரு கணக்கும் போட வேண்டும். 2023 ஜனவரி வரை தமிழரசுக் கட்சியும், பின்னர் ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியாக நின்ற கட்சிகளில் முக்கியமானவையும் ஒரே தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் இருந்தன. 2024 இல் இரு அணிகளும் ஒரே பட்டியலில் நின்றிருந்தால், வெறும் கூட்டலில் 63,327 உம் 22,513 உம் சேர்ந்து 85,840. முதலிடமும் போனஸ் ஆசனமும் கை மாறியிருக்கும். ஒரு ஆசனத்தின் விலை அதே 48,049. கூட்டுப் பட்டியலுக்கு 3, தேசிய மக்கள் சக்திக்கு 2, தமிழ்க் காங்கிரசுக்கு 1. சுயேச்சைக் குழு 131 வாக்கால் வெளியே போயிருக்கும். சேர்ந்து நின்றால் எல்லா வாக்கும் அப்படியே சேர்ந்து வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பிரிவினையில் சலித்துத்தான் பலர் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போனார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் பிரிவுக்கு என்ன விலை என்பதை இந்தக் கணக்கு கூச்சமில்லாமல் காட்டுகிறது.

நிராகரிக்கப்பட்ட 32,767 வாக்கைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அதை ஒரு பட்டியலாக எடுத்தால் மாவட்டத்தில் மூன்றாம் இடம். 2020 இலும் 35,006 வாக்குகள் இப்படியே போயின. வேண்டுமென்றே பழுதாக்குபவர்கள் உண்டு. ஆனால் பெரும்பகுதி தவறுதலாகத்தான் போகிறது என்று நினைக்க வலுவான காரணம் இருக்கிறது. இங்கே தேர்தலுக்குத் தேர்தல் அடையாளமிடும் முறை மாறுகிறது. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எண் போடலாம். உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடி (×). பொதுத் தேர்தலில் கட்சியின் அல்லது குழுவின் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி, பிறகு கீழே உள்ள இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் விருப்பு வாக்கு. செப்டெம்பரில் எண் போட்ட அதே கை, நவம்பரில் 44 வரி கொண்ட நீளமான சீட்டைப் பிடித்தது. இரண்டு சின்னத்துக்குப் புள்ளடி இட்டால் வாக்கு போய்விடும். சின்னத்தை விட்டுவிட்டு வேட்பாளர் இலக்கத்தில் மட்டும் புள்ளடி இட்டாலும் போய்விடும். சின்னத்துக்கு மட்டும் இட்டு விருப்பு வாக்கை விட்டால் அது செல்லும். மூன்றுக்கு மேற்பட்ட இலக்கங்களுக்கு இட்டால் விருப்பு வாக்குத்தான் போகும், கட்சி வாக்கு நிற்கும். பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான் என்பதால், மனதில் ஒருவரை வைத்து வந்தவர் அவருடைய இலக்கத்தைத் தேடிப் போட்டுவிட்டு, மேலே சின்னத்தை மறந்துவிடுவது நடக்கிறது. வேட்பாளர்கள் தங்கள் இலக்கத்தையே பெரிதாக அச்சடித்துக் கொடுப்பதும் இதற்கு ஒரு காரணம். தங்களுக்குள்ளேயே விருப்பு வாக்குக்கு அடிபடுகிற முறையில், சின்னத்தைச் சொல்லிக் கொடுக்கும் வேலை பின்னுக்குப் போய்விடுகிறது.

இந்த விகிதாசார முறை வருவதற்கு முன்னால் யாழ்ப்பாணம் தொகுதி முறையில்தான் வாக்களித்தது. அந்தக் காலத்தையும் இதே கண்ணால் பார்க்கலாம்.

தொடக்கமே ஒரு பகிஷ்கரிப்பு. 1931 இல் டொனமூர் யாப்பின் கீழ் 21 வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபோது, அந்த யாப்பு தன்னாட்சி தரவில்லை என்று சொல்லி யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கிலும் ஒருவரும் வேட்புமனு கொடுக்கவில்லை. தெற்கில் அரசாங்க சபை கூடியது. வடக்கின் நான்கு நாற்காலியும் 1934 வரை வெறுமையாக இருந்தன. பின்னர் நடந்த இடைத்தேர்தல்களில்தான் யாழ்ப்பாணத்துக்கு அருணாசலம் மகாதேவாவும், பருத்தித்துறைக்கு ஜீ. ஜீ. பொன்னம்பலமும், காங்கேசன்துறைக்கு சு. நடேசபிள்ளையும், ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரையும் போனார்கள். கொள்கைக்காகச் செய்த அந்தப் பகிஷ்கரிப்பின் நேர்மையை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் வெற்று நாற்காலி என்ற வழக்கம் அங்கேதான் தொடங்கியது. பிறகு வேறு வேறு காரணங்களால் திரும்பத் திரும்ப வந்தது.

சோல்பரி யாப்பில் 75,000 பேருக்கு ஒன்று, ஆயிரம் சதுர மைலுக்கு ஒன்று என்று மாகாணங்களுக்குத் தொகுதி பிரித்தார்கள். யாழ் குடாநாட்டுக்கும் தீவுகளுக்கும் 7 வந்தன: ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, யாழ்ப்பாணம், கோப்பாய், பருத்தித்துறை, சாவகச்சேரி. 1947 இல் தமிழ்க் காங்கிரஸ் இவற்றில் ஆறை வென்றது. பொன்னம்பலம் யாழ்ப்பாணத்தில் மகாதேவாவைத் தோற்கடித்தார். ஊர்காவற்றுறை மட்டும் சுயேச்சையாக நின்ற ஏ. எல். தம்பியையாவிடம் போனது.

அடுத்த ஆண்டு பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர் பெருந்தொகையாகக் குடியுரிமை இழந்தனர். அரசோடு சேர்ந்த பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்து செல்வநாயகமும் வன்னியசிங்கமும் 1949 டிசெம்பர் 18 அன்று தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். இன்று திரும்பிப் பார்ப்பவர்களுக்கு மக்கள் உடனே அவர்கள் பின்னால் போனார்கள் என்று தோன்றும். அப்படி நடக்கவில்லை. 1952 தேர்தலில் தமிழரசுக் கட்சிக்கு நாடு முழுவதிலும் இரண்டே ஆசனம்: கோப்பாயும் திருகோணமலையும். செல்வநாயகம் காங்கேசன்துறையில் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் ஐக்கிய தேசியக் கட்சியில் நின்ற நடேசபிள்ளை. வட்டுக்கோட்டையைச் சுயேச்சையாக வென்றவர் வீரசிங்கம், இன்றைய வீரசிங்கம் மண்டபத்துக்குப் பெயர் தந்தவர்.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வரப்போகிறது என்ற சூழலில் காற்று மாறியது. ஏழில் ஐந்து தமிழரசுக் கட்சிக்கு. ஆனால் யாழ்ப்பாணம் நகரம் பொன்னம்பலத்தோடு நின்றது. பருத்தித்துறை கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைத் தேர்ந்தது. அலை அடித்த வருடத்திலேயே ஏழு தொகுதி மூன்று கட்சிக்குப் பிரிந்து போயிருக்கிறது.

1960 மார்ச் தேர்தலுக்கு முன் எல்லைகள் மாறின. உடுவில், நல்லூர், உடுப்பிட்டி என்று குடாநாட்டில் மூன்று புதுத் தொகுதிகள், அதோடு கிளிநொச்சி. ஏழு பதினொன்றானது. யாழ்ப்பாணம் தொகுதி இதற்குப் பிறகும் தன் போக்கிலேயே போனது. 1960 மார்ச்சிலும் ஜூலையிலும் சுயேச்சையாக நின்ற அல்பிரட் துரையப்பா வென்றார். 1965 இல் பொன்னம்பலம் திரும்ப வந்தார். 1970 இல் மூன்று பேரும் மோதினார்கள்: தமிழரசுக் கட்சியின் சி. எக்ஸ். மார்ட்டின், துரையப்பா, பொன்னம்பலம். மார்ட்டின் துரையப்பாவை 56 வாக்கு வித்தியாசத்தில் தாண்டினார், பொன்னம்பலம் மூன்றாமிடம். வாக்கு ஏறக்குறைய மூன்றாகப் பிரிந்த ஒரு நகரம் "தமிழரசுக் கட்சி வெற்றி" என்ற ஒரே வரியாகப் பதிவானது. தொகுதி முறையின் குணமே அதுதான்: முதலாவதாக வந்தவருக்கு எல்லாம், மற்றவருக்கு ஒன்றுமில்லை.

அந்த 1970 தேர்தலைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். பதினொன்றில் எட்டு தமிழரசுக் கட்சிக்கு, மூன்று தமிழ்க் காங்கிரசுக்கு. அந்த மூன்றும் சின்ன இடமில்லை. வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கத்தை ஆ. தியாகராஜா தோற்கடித்தார். நல்லூரில் நாகநாதனை சி. அருளம்பலம் தோற்கடித்தார். கிளிநொச்சியை வீ. ஆனந்தசங்கரி எடுத்தார். மறுபக்கம் உடுப்பிட்டியில் காங்கிரசின் மு. சிவசிதம்பரம் தமிழரசுக் கட்சியின் ஜெயக்கொடியிடம் தோற்றார். தியாகராஜாவும் அருளம்பலமும் பின்னர் ஆளும் சுதந்திரக் கட்சிப் பக்கம் போனார்கள். அதே பாராளுமன்றத்துக்கு நியமன உறுப்பினராகப் போனவர் எம். சி. சுப்பிரமணியம், சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கத்திலிருந்து வந்தவர். அந்தச் சமூகங்களிலிருந்து ஒருவர் யாழில் வாக்கால் தெரிவாவதற்கு 1977 வரை, உடுப்பிட்டியில் தமிழர் விடுதலைக் கூட்டணி இராசலிங்கத்தை நிறுத்தும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. சர்வசன வாக்குரிமை வந்து 46 ஆண்டுகள் கழித்து. "தமிழர் பிரதிநிதித்துவம்" என்று பேசும்போது இந்த இடைவெளியையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

1972 குடியரசு யாப்பை எதிர்த்துச் செல்வநாயகம் அந்த ஒக்டோபரில் பதவி விலகி, காங்கேசன்துறையில் இடைத்தேர்தல் வைத்துப் பாருங்கள் என்று சவால் விட்டார். அரசு இரண்டு ஆண்டுக்கு மேல் இழுத்தது. 1975 பெப்ரவரி 6 இல்தான் வாக்கெடுப்பு. செல்வநாயகத்துக்கு 25,927, கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. அடுத்த ஆண்டு மே 14 இல் தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 ஏப்ரலில் செல்வநாயகம் காலமானார். ஜூலை 21 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி உதயசூரியன் சின்னத்தில் பதினொன்றையும் அள்ளியது. வடக்கு கிழக்கில் மொத்தம் 18. காங்கேசன்துறையிலிருந்து போன அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அதற்கு முந்திய எல்லை மாற்றத்தில் உடுவில் தொகுதி மானிப்பாய் ஆனது. 1977 இல் இருந்த அந்தப் பதினொரு தொகுதிகள்தான் இன்றும் வாக்கெண்ணும் அலகுகளாக இருக்கின்றன. கிளிநொச்சி 1984 இல் தனி நிர்வாக மாவட்டமாகப் பிரிந்தும், பாராளுமன்றத் தேர்தலுக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மாகாண சபைத் தேர்தலில் தனியாக எண்ணுவார்கள். 2013 முடிவையும் 2015 முடிவையும் ஒப்பிட்டு எழுதுபவர்கள் அடிக்கடி பிழை விடுவது இங்கேதான். 2013 மாகாண சபையில் யாழ்ப்பாணத்துக்கு 16 ஆசனம். அதில் கிளிநொச்சி இல்லை. அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் வைக்கப்படவில்லை.

1977 க்குப் பிறகு வந்தவை வழமையான தேர்தல்கள் அல்ல. 1981 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு ஐக்கிய தேசியக் கட்சியின் முதன்மை வேட்பாளராக நின்றவர், 1970 இல் வட்டுக்கோட்டையை வென்ற அதே தியாகராஜா. மே 24 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் பொது நூலகம் எரிந்தது. ஜூன் 4 இல் வாக்கெடுப்பு. வாக்குச்சாவடிக்கு நியமிக்கப்பட்ட அதிகாரிகளில் பலர் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டனர். 1982 ஜனாதிபதித் தேர்தலில் கூட்டணி போட்டியிடவில்லை. யாழில் தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் முதலிடம் வந்தார். இரண்டாமிடம் சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெங்காயமும் மிளகாயும் விற்றுத் தலை நிமிர்ந்த விவசாயிகளின் வாக்கு அதில் பெரும் பங்கு. வயிறும் வாக்குப் போடும்; யாழ்ப்பாணமும் அதற்கு விலக்கல்ல. அந்த டிசெம்பரில் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்ட வைத்த சர்வசன வாக்கெடுப்பில் யாழ் மாவட்டம் பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் "வேண்டாம்" என்றது. நாடு "சரி" என்றது. 1983 ஓகஸ்டில் வந்த ஆறாம் திருத்தத்தின், தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்ற சத்தியப்பிரமாணத்தை மறுத்ததால் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தனர். 1989 வரை, ஐந்து ஆண்டுக்கு மேலாக, யாழ்ப்பாணத்துக்குப் பாராளுமன்றத்தில் ஆளில்லை.

1989 பெப்ரவரி 15 இல் விகிதாசார முறை முதன்முதலாக வந்தது. யாழ்ப்பாணத்துக்கு 11 ஆசனம். ஈரோஸ் இயக்கத்தின் ஆதரவில் நின்ற சுயேச்சைக் குழு 8 எடுத்தது, உதயசூரியன் பட்டியல் 3. அடுத்து 1994. குடாநாடு விடுதலைப் புலிகளின் கையில். வாக்களிப்பு பெரும்பாலும் தீவுப்பகுதியில்தான் நடந்தது. இடாப்பில் கிட்டத்தட்ட ஆறு லட்சம் பேர், வாக்களித்தவர் 2.34 சதவீதம். ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியின் சுயேச்சைக் குழு 10,744 வாக்கில் 10 இல் 9 ஆசனம் பெற்றது. ஒரு ஆசனத்துக்கு 1,200 வாக்குக்கூட இல்லை. விகிதாசார முறை வந்த வாக்கை நியாயமாகப் பங்கிடும்; வராத வாக்கைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

2004 மறுபக்கம். புலிகளின் ஆதரவோடு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வீட்டுச் சின்னத்தில் நின்று 9 இல் 8 எடுத்தது, வாக்கில் பத்துக்கு ஒன்பது பங்கு. உதயசூரியனை விட்டு வீட்டுக்கு மாறியதற்குக் காரணம் கூட்டணித் தலைவர் ஆனந்தசங்கரியோடு எழுந்த வழக்கு. மாற்று அணிகள் சுதந்திரமாகப் பிரசாரம் செய்ய முடியாத தேர்தல் அது என்பதையும் மறைக்கக் கூடாது. 2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலில் புலிகளின் பகிஷ்கரிப்பு. இடாப்பில் 701,938 பேர். போடப்பட்ட வாக்கு 8,524. நாடு முழுவதிலும் வெற்றி வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. அடுத்த நான்கு ஆண்டில் நடந்ததை நினைப்பவர்கள் அந்த நாளைத் திரும்பத் திரும்பப் பேசுவதில் வியப்பில்லை.

இந்த வரிசையில் வரும் பெயர்களில் எத்தனை பேர் கொல்லப்பட்டனர் என்பதைச் சொல்லாமல் விட்டால் எந்தப் புள்ளிவிவரமும் பொய்யாகிவிடும். 1975 ஜூலை 27 துரையப்பா. 1981 தியாகராஜா. 1985 செப்டெம்பரில் மானிப்பாயின் தருமலிங்கமும் கோப்பாயின் ஆலாலசுந்தரமும். 1989 ஜூலை 13 கொழும்பில் அமிர்தலிங்கமும், 1977 இல் யாழ்ப்பாணத் தொகுதியை வென்ற யோகேஸ்வரனும். 2006 நவம்பர் 10 பாராளுமன்ற உறுப்பினர் ரவிராஜ். 2008 ஜனவரி 1 பாராளுமன்ற உறுப்பினர் மகேஸ்வரன். சுட்டவர்கள் எல்லோரும் ஒரே தரப்பில்லை. யாழ்ப்பாணத்தில் வேட்புமனுவில் கையெழுத்திடுவது மூன்று தசாப்தங்களுக்கு உயிரைப் பணயம் வைக்கிற வேலையாக இருந்தது. பெண்கள் இந்தக் களத்துக்கு மிகக் குறைவாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2004 இல் பத்மினி சிதம்பரநாதன், 2010 இலும் 2015 இலும் விஜயகலா மகேஸ்வரன். 2020, 2024 இரண்டிலும் ஒருவரும் இல்லை.

இனி ஆசனம் குறைந்த கதைக்கு வருவோம். பாராளுமன்றத்தின் 225 பேரில் 29 தேசியப்பட்டியல். மிச்சம் 196 இல் மாகாணத்துக்கு நாலு நாலாக 36. வடக்கின் நாலில் யாழ்ப்பாணத்துக்கு 1, வன்னிக்கு 3. எஞ்சிய 160 ஐ இடாப்பைப் பார்த்து மாவட்டங்களுக்குப் பிரிப்பார்கள். நாட்டின் மொத்த வாக்காளரை 160 ஆல் பிரித்து வரும் எண்ணால் மாவட்டத்தின் வாக்காளரைப் பிரிக்க வேண்டும். முழு எண் நிச்சயம். பின்னம் பெரியதாக இருந்தால் இன்னொன்று.

2010 இல் நாட்டில் 14,088,500 பேர். ஒரு பங்கு 88,053. யாழ்ப்பாணத்தில் 721,359, அது 8.19 பங்கு. எட்டும் ஒன்றும் ஒன்பது. ஆனால் அந்த 721,359 உண்மையான ஆள் கணக்கல்ல. போர்க்காலத்தில் இடாப்பு ஒழுங்காகத் திருத்தப்படவில்லை. இடம்பெயர்ந்தவர், கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர், செத்தவர் எல்லோருடைய பெயரும் பழைய வீட்டு இலக்கத்தில் அப்படியே இருந்தன. 2010 பொதுத் தேர்தலில் வாக்களிப்பு 23.33 சதவீதம் என்று பதிவானதை அக்கறையின்மைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். கீழே இருக்கும் எண் பிழையாக இருக்கும்போது சதவீதமும் பிழைதான். போர் முடிந்த பின் இடாப்பு சுத்தமாக்கப்பட்டது. 2015 இல் 529,239. வாக்களிப்பு 61.56 சதவீதமாக ஏறியது; ஆசனம் ஒன்பதிலிருந்து ஏழாக இறங்கியது. இரண்டும் ஒரே செயலின் இரு பக்கம்.

2020 இல் 571,848 பேர், ஒரு பங்கு 101,649, யாழ்ப்பாணம் 5.63. பின்னத்துக்கு ஒன்று கிடைத்து ஆறு, மாகாண ஒன்றோடு ஏழு. 2024 இல் யாழில் வாக்காளர் கூடித்தான் இருந்தனர்: 593,187. ஆனால் நாட்டின் தொகை 17,140,354 ஆக ஏறி, ஒரு பங்கு 107,127 ஆனது. யாழ்ப்பாணம் 5.54. அந்தப் பின்னம் போதவில்லை. ஐந்தும் ஒன்றும் ஆறு. நாலு ஆண்டில் நாடு 5.4 சதவீதம் வளர, யாழ்ப்பாணம் 3.7 சதவீதம் வளர்ந்தது. யாரும் சூழ்ச்சி செய்து பறித்ததில்லை. பெருக்கல் வகுத்தலில் போனது.

ஒரு ஆசனம் போனால் ஒரு கதிரை மட்டும் போவதில்லை. 2020 இல் ஏழு ஆசனத்தில் போனசைக் கழித்து ஆறால் பிரித்தார்கள், விலை 49,895. 522 வாக்குக் குறைந்த சுதந்திரக் கட்சிக்கும், ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சிக்கும், 35,927 உடன் கடைசியில் நின்ற முன்னாள் வடமாகாண முதலமைச்சர் விக்னேஸ்வரனின் கூட்டணிக்கும் மிச்ச வாக்கில் ஒவ்வொன்று கிடைத்தது. 2024 இலும் ஏழு இருந்திருந்தால் 240,241 ஐ ஆறால் பிரித்து விலை 40,041 ஆகியிருக்கும். தேசிய மக்கள் சக்தி இரண்டு தடவை கொடுத்து போனசோடு மூன்று. தமிழரசுக் கட்சி ஒன்று கொடுத்து 23,286 மிச்சம் வைத்திருக்கும். அது ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியின் 22,513 ஐவிட 773 கூட. ஏழாவது ஆசனம் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு.

அந்த இடாப்பு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எழுதப்படுகிறது. கிராம அலுவலர் பழைய பட்டியலோடு வருவார். பெயர் இருக்கிறதா என்று பார்த்து, பதினெட்டு வயதானவர்களைச் சேர்த்து, கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். வரைவுப் பட்டியல் பார்வைக்கு வைக்கப்படும்போது கோரிக்கையும் ஆட்சேபனையும் கொடுக்கலாம். அதன் பிறகு அத்தாட்சிப்படுத்திவிடுவார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளை, கொழும்பில் வாடகை அறையில் வேலை பார்க்கும் மகன், வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டும் இன்னும் வீடு கட்டி முடிக்காத குடும்பம்: பெயர் விடுபடுவது இவர்களுக்குத்தான்.